ஒமானிய வழக்கங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அரபு நாடுகளின் வழக்கங்களைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து ஒமான் நாட்டைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். மொராக்கோ முதல் ஈராக் வரை பரந்து கிடக்கும் அரபுலகம் முழுவதையும் ஒரே மூச்சில் விளக்கப் புகுந்தால் எந்த ஊருக்கும் பொருந்தாத பொதுச் சொற்களே மிஞ்சும். ஒரு நாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால், அங்கே காப்பி யாருக்கு முதலில் தரப்படுகிறது, வாய்க்கால் நீரில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது வரை பேச இடமிருக்கிறது.

கேள்வி: என் மகன் ஒமானில் நிஸ்வா நகரில் வேலை பார்க்கிறான். உடன் பணியாற்றும் ஒமானியர் ஒருவர் அவனை வெள்ளிக்கிழமை விருந்துக்குத் தம் வீட்டுக்கு அழைத்திருக்கிறார். அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. (வாசகி, திருவாரூர்)

பதில்: முதலில், அவர் அவசியம் போகட்டும். அங்கே விருந்துக்கு அழைப்பது வாய்ச்சொல்லுக்காகச் செய்யப்படுவதன்று. அழைத்தவர் வீட்டில் அதற்கான ஏற்பாடுகள் தொடங்கியிருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். ஆண் விருந்தினர் அமர்வதற்கென்று மஜ்லிஸ் எனப்படும் அறை வீட்டின் முன்பக்கத்தில் இருக்கும்; பல வீடுகளில் அதற்குத் தனி வாசலே உண்டு. வீட்டுப் பெண்கள் அங்கே வராமல் இருப்பது வழக்கம். ஆகவே, "வீட்டில் அனைவரும் நலமா?" என்று பொதுவாகக் கேட்பதே மரியாதை, மனைவியையோ மகளையோ குறிப்பாக விசாரிப்பது அங்கே நாகரிகமாகக் கருதப்படுவதில்லை. உள்ளே நுழைந்ததும் ஏற்கனவே அமர்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் கைகொடுத்த பிறகே அமர வேண்டும். தரையில் அமரும்போது உள்ளங்கால் யாரையும் நோக்கி நீளாதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்து வருவது காப்பி. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அந்த வீட்டின் மரியாதை முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. முதலில் பேரீச்சம்பழமோ ஹல்வாவோ பழங்களோ வரும். ஒமானிய ஹல்வா மாவுச்சத்து, சர்க்கரை, நெய், குங்குமப்பூ, ஏலம், பன்னீர் ஆகியவற்றைப் பெரிய செம்புக் கொப்பரையில் இட்டு, மணிக்கணக்கில் கைவிடாமல் கிளறிச் செய்யப்படுவது. அதிலிருந்து சிறிது எடுத்துக்கொண்ட பின் கஹ்வா வரும். இளவறுப்பாக வறுத்த கொட்டையில் ஏலம் சேர்த்துக் காய்ச்சும் அந்தக் காப்பியில் பாலும் இராது, சர்க்கரையும் இராது. இனிப்பைப் பேரீச்சம்பழம் தந்துவிடுகிறது. ஊற்றுபவர் தல்லா எனப்படும் மூக்கு நீண்ட கூஜாவை இடக்கையில் பிடித்து, கைப்பிடியில்லாத சிறு கிண்ணத்தை வலக்கையால் நீட்டுவார். கிண்ணத்தில் கால் பங்குக்குத்தான் காப்பி இருக்கும். அளவு குறைவாக இருக்கிறதே என்று உங்கள் மகன் மனம் சுருங்க வேண்டாம். சூடு ஆறுவதற்குள் குடித்துவிட்டு மறுபடியும் பெறுவதற்காகவே அவ்வளவு சிறிதாக ஊற்றுகிறார்கள். கிண்ணம் நிறைய ஊற்றினால்தான் விருந்தினரை விரைந்து அனுப்ப நினைப்பதாகப் பொருளாகிவிடும். வயதில் மூத்தவருக்கோ முதன்மையான விருந்தினருக்கோ முதற்கிண்ணம் செல்லும். ஒரு கிண்ணமாவது குடிக்க வேண்டும். மூன்றுக்கு மேல் வாங்குவதில்லை. போதும் என்று வாயால் சொல்லத் தேவையில்லை. காலிக் கிண்ணத்தை இப்படியும் அப்படியுமாக லேசாக ஆட்டித் திருப்பித் தந்தால் போதும். ஆட்டாமல் நீட்டினால் மீண்டும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒமான், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார் ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து முன்வைத்ததன் பேரில், யுனெஸ்கோ 2015-ஆம் ஆண்டில் இந்தக் காப்பி உபசாரத்தையும் மஜ்லிஸையும் மனிதகுலத்தின் வாழும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

உணவு பெரிய தாம்பாளத்தில் சோறும் இறைச்சியுமாக வரும். நான்கைந்து பேர் சுற்றி அமர்ந்து வலக்கையால் உண்பார்கள். தாம்பாளத்தின் நடுவிலோ அடுத்தவர் பக்கத்திலோ கைநீட்டாமல் தம் பக்கத்திலிருந்தே எடுத்து உண்ண வேண்டும். நல்ல துண்டுகளை விருந்தளிப்பவரே பிட்டு விருந்தினர் முன் வைப்பார். அவர் தாம் உண்ணாமல் பரிமாறிக்கொண்டே நிற்பதும் உண்டு. அதைக் கண்டு கூச்சப்பட வேண்டாம். வீட்டில் உள்ள பொருள் எதையும் அளவுக்கு மீறிப் புகழாமல் இருப்பது நல்லது. கண்ணேறு பற்றிய அச்சம் அங்கும் உண்டு. அதோடு, புகழ்ந்த பொருளை எடுத்துத் தந்துவிட வேண்டும் என்ற நெருக்கடியும் அவருக்கு ஏற்படக்கூடும். இறுதியில் தணலில் நறும்புகை இட்டுச் சுற்றிலும் கொண்டுவருவார்கள். அந்தப் புகையை ஆடையில் ஏற்றுக்கொண்டதும் விடைபெறலாம். அதன் பின்னும் அமர்ந்திருப்பது முறையன்று. எடுத்துச் செல்வதற்கு நம் ஊர் இனிப்பு ஒரு பெட்டி போதும்.

கேள்வி: ஒமானியர் இருவர் சந்தித்தால் நலம் விசாரித்து முடிக்கவே நெடுநேரம் ஆகிறது. இதற்கு ஏதேனும் காரணம் உண்டா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: உண்டு. சலாம் சொல்லி, உடல்நலமும் குடும்ப நலமும் கேட்டு முடிந்ததும், செய்தி என்ன என்று முறையாகக் கேட்பது உள்நாட்டு ஒமானிலும் பாலைவனக் குடிகளிடத்திலும் இருந்துவரும் வழக்கம். கேட்கப்பட்டவர் முதலில், நல்லதைத் தவிர வேறு செய்தி இல்லை என்றுதான் சொல்வார். சாவுச் செய்தியையே சுமந்து வந்திருந்தாலும் முதல் விடை அதுவேதான். அதன் பின்னரே உண்மையான செய்தி மெல்ல வெளிவரும். மழை எங்கே பெய்தது, எந்தக் கிணற்றில் நீர் இருக்கிறது, எந்த வழியில் ஆபத்து என்பவற்றை எதிர்ப்பட்டவர் வாயிலாக மட்டுமே அறிய முடிந்த காலத்தில் செய்தி என்பது பண்டம்போல் மதிப்புடையதாக இருந்தது. அதை முறையோடு கேட்டு, முறையோடு கொடுத்தார்கள். கைப்பேசி வந்த பிறகும் அந்த முறை நிலைத்திருப்பதற்குக் காரணம், எதிரே நிற்பவருக்காக நேரத்தை ஒதுக்குவதே மரியாதை என்ற எண்ணம் அங்கே இன்னும் வலுவாக இருப்பதுதான்.

கேள்வி: ஒமானில் ஆறே கிடையாது என்கிறார்கள். ஆனால் பேரீச்சந்தோப்புகளின் படங்களைப் பார்த்தால் பசுமையாக இருக்கின்றன. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதைப் பங்கிடுவதில் சண்டை வராதா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: பாசனத்தை அறிந்த ஊரிலிருந்து வந்திருக்கும் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு மிகவும் விருப்பம். ஒமானில் ஆண்டு முழுவதும் ஓடும் பெரிய ஆறு கிடையாது. மலைகளில் எப்போதாவது பெய்யும் மழைநீர் பாறைக்கும் சரளைக்கும் அடியில் தேங்குகிறது. அதை இறைத்து எடுக்காமல், நிலத்தின் சரிவை மட்டுமே கொண்டு ஊருக்கு ஓடி வரச் செய்யும் அமைப்பின் பெயர் ஃபலஜ். மலையடிவாரத்தில் நீர் கிடைக்கும் ஆழம்வரை ஒரு தாய்க்கிணறு தோண்டுவார்கள். அங்கிருந்து மிக மெல்லிய சரிவில் நிலத்துக்கு அடியிலேயே ஒரு சுரங்கக் கால்வாய், சில இடங்களில் பல கிலோமீட்டர் நீளத்துக்கு, வெட்டப்பட்டிருக்கும். மண்ணை வெளியேற்றவும் பின்னாளில் இறங்கித் தூர் வாரவும் இடையிடையே செங்குத்தான குழிகள் இருக்கும். ஊற்று நீரையோ மலை ஓடையின் நீரையோ அப்படியே வாய்க்காலில் திருப்பிக் கொண்டுவரும் வகைகளும் உண்டு. சுரங்க வகைக்கு, தாவூதின் மகனான சுலைமான் நபியின் பெயரோடு சேர்த்து ஒரு கதை சொல்வார்கள்: அந்த நபி ஒமானுக்கு வந்து பத்து நாள் தங்கியபோது, அவர் கட்டளைக்கு அடங்கிய ஜின்கள் நாளுக்கு ஆயிரமாகக் கால்வாய்களை வெட்டித் தந்தனவாம். அவற்றை வெட்டியது மனிதக் கைகளே என்றாலும், இருட்டுச் சுரங்கத்துக்குள் குந்தியபடி, சரிவு பிசகாமல் தோண்டிய அந்த உழைப்பைக் கண்டு மலைத்தவர்கள் இப்படியொரு கதையைச் சொன்னதில் வியப்பில்லை. ஏறத்தாழ மூவாயிரம் ஃபலஜ்கள் இன்றும் ஓடுகின்றன. நிஸ்வாவின் ஃபலஜ் தாரிஸ் உள்ளிட்ட ஐந்து ஃபலஜ்களை யுனெஸ்கோ 2006-இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது.

பங்கீட்டைத்தான் நீங்கள் முதன்மையாகக் கேட்டிருக்கிறீர்கள். நீர் நிலத்துக்கு வெளியே தலைகாட்டும் முதல் இடம் குடிநீருக்கு உரியது. அங்கே குளிப்பதோ துணி அலசுவதோ கூடாது. அதற்குக் கீழே பள்ளிவாசலில் ஒளூச் செய்யும், அதாவது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும், துறை, பின்னர் ஆண்களும் பெண்களும் தனித்தனியே குளிக்கும் மறைவிடங்கள், பாத்திரமும் துணியும் துலக்கும் இடம் என்று வரிசை தொடரும். இவ்வளவுக்கும் பயன்பட்ட பின்னரே நீர் தோப்புக்குள் நுழைகிறது. குடிப்பதற்கு எவரும், வழிப்போக்கர் உட்பட, விலையின்றி எடுத்துக்கொள்ளலாம். பாசனத்துக்குத்தான் உரிமைப் பங்கு உண்டு.

அந்தப் பங்கு நேரத்தால் அளக்கப்படுகிறது. அதர் என்பது ஏறத்தாழ அரை மணி நேர ஓட்டம். இருபத்து நான்கு அதர் சேர்ந்தால் ஒரு பகலோ ஓர் இரவோ ஆகும். ஒருவருக்கு இரண்டு அதர், இன்னொருவருக்கு அரை அதர் என்று பங்குகள் பரம்பரையாக வரும். அவற்றை விற்கலாம், குத்தகைக்கு விடலாம், மகளுக்கும் மகனுக்கும் பிரித்துத் தரலாம். நிலமில்லாதவரும் நீர்ப்பங்கு வைத்திருக்கலாம். முறை ஊரைச் சுற்றிவர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அது ஊருக்கு ஊர் வேறுபடும். பகலில் வெட்டவெளியில் நட்ட கோலின் நிழல் எந்தக் கல்லைத் தொடுகிறது என்று பார்த்து அடுத்தவருக்கு மடை திறப்பார்கள். இரவில், குறிப்பிட்ட விண்மீன் மலைமுகட்டுக்கோ சுவருக்கோ மேலே எழுவதைப் பார்த்து முறை மாற்றுவார்கள். பெரும்பாலான ஊர்களில் இப்போது கைக்கடிகாரம் அந்த வேலையைச் செய்கிறது.

இதையெல்லாம் கவனிக்க வக்கீல் எனப்படும் பொறுப்பாளரும், முறை பார்க்கும் அரீஃபும், கணக்கெழுதுபவரும் உண்டு. சில பங்குகள் எந்த ஆளுக்கும் சொந்தமாகாமல் ஃபலஜுக்கே உரியவை. அவற்றை ஏலம் விட்டு வரும் பணத்தில்தான் தூர் வாருவதும் இடிந்த சுரங்கத்தைச் சீர் செய்வதும் நடக்கின்றன. பள்ளிவாசலுக்கு எழுதி வைத்த பங்குகளும் உண்டு. சண்டை வராதா என்றால், வரும். நீர் உள்ள இடமெல்லாம் வழக்கும் உண்டு. வழக்கு மூண்டால் அரீஃபிடமும், பிறகு வக்கீலிடமும், அதற்கு மேல் ஊர்த்தலைவரான ஷேக்கிடமும் அது செல்லும். ஆயினும் அந்த அமைப்பின் வலிமை வேறொன்றில் இருப்பதாகவே நான் கருதுகிறேன். நீர் குறைந்தால் எல்லோருடைய அரை மணிக்கும் சம அளவில் குறைகிறது. வறட்சியின் சுமை எவர் தலையிலும் தனியாக விழுவதில்லை. நேரத்தை அளவாக வைத்தவர்களின் நுட்பம் அங்கேதான் தெரிகிறது. இன்று அந்த அமைப்பை அச்சுறுத்துவது தோப்புக்கு அருகே தோண்டப்படும் ஆழ்துளைக் கிணறுகள். ஒருவர் தம் நிலத்தில் மோட்டார் வைத்து இறைத்தால் ஊருக்கே உரிய நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்து, தாய்க்கிணறு வற்றத் தொடங்குகிறது. தஞ்சைத் தரணியில் இருப்பவருக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஒமானிய ஆண்கள் இடுப்பில் வளைந்த கத்தி வைத்திருக்கும் படத்தைப் பார்த்தேன். அது இன்றும் வழக்கத்தில் உள்ளதா? பெண்கள் அனைவரும் கறுப்பு உடைதான் உடுத்துவார்களா? (வாசகி, மதுரை)

பதில்: கஞ்சர் என்பது அந்தக் கத்தியின் பெயர். முன்பு தற்காப்புக்கானதாக இருந்தது. இப்போது திருமணம், பெருநாள், அரசு விழா போன்ற நாட்களில் மட்டும் வெள்ளி இழைத்த உறையோடு இடுப்பில் ஏறுகிறது. நாட்டின் கொடியிலும் சின்னத்திலும் அதுவே இருக்கிறது. அதைச் செய்யும் கைத்திறனையும் அணியும் வழக்கத்தையும் யுனெஸ்கோ 2022-இல் பட்டியலில் சேர்த்தது. நாள்தோறும் ஆண்கள் உடுத்துவது திஷ்தாஷா என்ற நீண்ட அங்கி. ஒமானிய அங்கிக்குக் கழுத்துப்பட்டை கிடையாது. கழுத்தருகே ஒரு சிறு குஞ்சம் தொங்கும், அதில் அத்தர் தோய்ப்பார்கள். தலையில் பூவேலை செய்த கும்மா தொப்பி, அல்லது கம்பளி நூலால் நெய்த தலைப்பாகை. அந்தத் தலைப்பாகைத் துணிகளில் உயர்ந்தவை காஷ்மீரத்திலிருந்து செல்பவை. கும்மாத் தொப்பியோ, ஒமானியர் சான்சிபாரிலும் கிழக்காப்பிரிக்கக் கரையிலும் நெடுங்காலம் வாழ்ந்ததன் அடையாளம்.

பெண்களின் உடையில் கறுப்பு அபாயா இவ்வளவு பரவியது கடந்த சில பத்தாண்டுகளில்தான். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனியான, நிறம் மிகுந்த மரபுடை உண்டு. தெற்கே தோஃபாரில், முன்புறம் குட்டையாகவும் பின்புறம் தரையில் புரளும்படி நீண்டும் இருக்கும் வெல்வெட் ஆடையை உடுத்துகிறார்கள். கிழக்கே பாலைவனக் குடிப் பெண்கள் முகத்தின் நடுவில் விறைப்பான முகமூடி அணிவதுண்டு. உள்நாட்டில் பளிச்சிடும் மேலாடையும் கணுக்காலில் பூவேலை செய்த கால்சட்டையும் காணலாம்.

கேள்வி: அங்கே மாப்பிள்ளைதான் பெண்ணுக்குப் பணம் தருவார் என்பது உண்மையா? அப்படியானால் பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கவலையே இராதே! (வாசகி, காஞ்சிபுரம்)

பதில்: உண்மைதான். மஹர் எனப்படும் அந்தத் தொகை மணமகளுக்கே உரியது. சட்டப்படி அவள் தந்தைக்கும் அதில் உரிமை இல்லை. தமிழ்நாட்டு முஸ்லிம் குடும்பங்களுக்கும் மஹர் நன்கு தெரிந்ததே. ஒமானில் இரு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்த பின், பெரும்பாலும் பள்ளிவாசலில், மணமகனும் மணமகளின் தந்தையோ காப்பாளரோ சாட்சிகள் முன் ஒப்பந்தம் செய்வார்கள். வந்தவர்களுக்கு ஹல்வாவும் கஹ்வாவும் வழங்கப்படும். மருதாணி இரவும் பெண்கள் தனியே கூடும் விருந்தும் அதன் பின் வரும்.

ஆனால் கவலை இல்லை என்று சொல்ல முடியாது. அது பையனைப் பெற்றவர்கள் பக்கம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. மஹரும் நகையும் மண்டபச் செலவும் ஏறிக்கொண்டே போவதால் இளைஞர்கள் கடன் வாங்குவதும் திருமணத்தைத் தள்ளிப்போடுவதும் நடக்கின்றன. அதற்கு மாற்றாகப் பல ஊர்களில் கூட்டுத் திருமணம் நடத்துகிறார்கள். ஒரே நாளில் பல இணைகளுக்கு ஊரே கூடிச் செலவைப் பகிர்ந்து மணம் முடித்து வைக்கிறது. மனத்துக்கு நிறைவு தரும் ஏற்பாடு இது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மணமக்கள் குலத்தால் ஒத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அரபுக் குடிவழி உடையோர் எனக் கருதப்படும் குடும்பங்கள், முற்காலத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்களுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகின்றன. ஒமானில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1970-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தத் தயக்கத்தின் வேர் விளங்கும். விளங்குவதனால் அது சரியாகிவிடாது. பிறப்பைக் கொண்டு ஒரு பெண்ணையோ ஆணையோ தள்ளி வைப்பது எந்த ஊர் வழக்கமாக இருந்தாலும் கொடுமையே. வெளிநாட்டவரை மணக்க முன்பு அரசின் அனுமதி பெற வேண்டியிருந்தது. 2023-இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: விருந்தோம்பலில் அவர்களை மிஞ்ச ஆளில்லை என்கிறீர்கள். என் தம்பி வளைகுடாவில் ஆறு மாதச் சம்பளம் வராமல் திரும்பினான். விருந்தினரை அப்படிப் போற்றுகிறவர்கள் தொழிலாளியை ஏன் இப்படி நடத்துகிறார்கள்? (வாசகர், இராமநாதபுரம்)

பதில்: உங்கள் தம்பிக்கு நேர்ந்தது அநீதி. வழக்கங்களைப் பற்றி எழுதும் ஒருவர் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போனால் அவர் எழுதிய மற்றவற்றுக்கும் மதிப்பில்லை.

பாலைவனத்தில் வாசலுக்கு வந்தவனுக்கு மூன்று நாள் உணவும் இடமும் பாதுகாப்பும் தர வேண்டும் என்பது பழைய கட்டுப்பாடு. வந்தவன் பகைவனாக இருந்தாலும் அந்த நாட்களில் அவனைத் தொடக் கூடாது. தண்ணீரும் நிழலும் அரிதான நிலத்தில், இன்று விருந்தளிப்பவரே நாளை வேறொருவர் வாசலில் நிற்க நேரும் என்பதால் எல்லோருக்கும் தேவைப்பட்ட கட்டுப்பாடு அது. அதற்குள் அடங்குபவர் விருந்தினர், அண்டை அயலார், அடைக்கலம் கேட்டவர் ஆகியோர். கூலிக்காக ஒப்பந்தத்தில் வருபவர் அந்த மூன்று வகையிலும் சேரவில்லை. எண்ணெய் வருவாய் பெருகி, லட்சக்கணக்கானோர் வேலைக்கு வரத் தொடங்கியபோது, அவர்களை ஒரு பொறுப்பாளரின், அதாவது கஃபீலின், பெயரில் கட்டி வைக்கும் சட்டமுறை வளைகுடா நாடுகளில் உருவானது. ஒமானில் 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 44 லட்சத்து 70 ஆயிரம் பேர் வசித்தார்கள். அவர்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேர் வெளிநாட்டவர். இவர்களில் பெரும்பாலோர் யாருடைய மஜ்லிஸிலும் அமராதவர்கள். கஃபீல் நல்லவராக இருந்தால் பெருநாளுக்குச் சாப்பாடும் புத்தாடையும் வரும். கெட்டவராக இருந்தால் சம்பளமே வராது. ஒருவருடைய குணத்தை நம்பி இன்னொருவருடைய வயிறு இருக்கும்படி விட்டதே அந்த முறையின் அடிப்படைக் குறை.

மாற்றங்கள் மெல்ல வருகின்றன. ஒப்பந்தம் முடிந்த பின் வேறு வேலைக்கு மாற முந்தைய முதலாளியின் இசைவுச் சான்று தேவை என்ற விதியை ஒமான் 2021 சனவரி முதல் நீக்கியது. ஆனால் 2003-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டுவேலை செய்பவர்களைத் தன் காப்புக்குள் சேர்க்கவில்லை. அதன் விளைவைப் பெரிதும் சுமந்தவர்கள் பெண்கள். வேலைக்குக் கிளம்பும் எவரும் ஒப்பந்தத்தின் படியொன்றை வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், கடவுச்சீட்டின் நகலைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும், சம்பளம் தவறத் தொடங்கிய முதல் மாதத்திலேயே தொழிலாளர் அமைச்சகத்திலும் இந்தியத் தூதரகத்திலும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். உங்கள் தம்பியிடம் ஒப்பந்தமோ வங்கிக் கணக்கு விவரமோ இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். தூதரகம் வழியாகவும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை வழியாகவும் இப்போதும் முறையிடலாம்.

கேள்வி: ஒமானுக்கும் பழந்தமிழருக்கும் தொடர்பிருந்ததாகச் சொல்கிறார்களே, சான்று உண்டா? (வாசகர், சிவகங்கை)

பதில்: உண்டு, சிறியது, ஆனால் உறுதியானது. தோஃபார் கரையில் கோர் ரோரி என்னும் இடத்தில் சும்ஹுரம் என்ற பழைய துறைமுக நகரின் இடிபாடுகள் உள்ளன. அங்கே அகழாய்வு செய்த இத்தாலிய ஆய்வாளர்கள் 2006-இல் கண்டெடுத்த ஒரு பானை ஓட்டில் தமிழ்-பிராமி எழுத்துகள் இருந்தன; அவை 'ணந்தை கீரன்' என்று படிக்கப்பட்டன. கீரன் என்பது சங்கப் பாடல்களைப் படிப்பவர்களுக்குப் பழகிய பெயர். காலம் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது எனக் கணிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் துறைமுகம் வாழ்ந்ததே லுபான் என்னும் நறும்பிசினால். தோஃபார் மலைக்குப் பின்னுள்ள வறண்ட ஓடைகளில் வளரும் மரத்தின் பட்டையைச் சிறு உளியால் சீவி விடுவார்கள். முதலில் கசிவதற்கு மதிப்பில்லை. மீண்டும் மீண்டும் சீவிய பின் வரும் வெளிறிய கட்டிகளே விலைபோகும். இன்றும் ஒமானிய வீடுகளில் மாலையில் அதைத் தணலில் இட்டுப் புகைக்கிறார்கள். இரவு முழுவதும் நீரில் ஊறவைத்துக் காலையில் அருந்துபவர்களும் உண்டு. லுபான் மரங்கள் வளரும் ஓடையையும், சும்ஹுரம் உள்ளிட்ட பழைய வணிகத் தலங்களையும் சேர்த்து யுனெஸ்கோ 2000-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

கேள்வி: நோன்பு மாதத்தில் குடும்பத்தோடு மஸ்கட்டில் இருப்போம். நாங்கள் இந்துக்கள். எதையெல்லாம் கவனத்தில் கொள்ள வேண்டும்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: பகலில் பொது இடத்தில் உண்பதும் குடிப்பதும் புகைப்பதும் அங்கே சட்டப்படி தண்டனைக்குரியவை, இந்த விதி எல்லாச் சமயத்தாருக்கும் பொருந்தும். வீட்டுக்குள் உங்கள் விருப்பம்போல் உண்ணலாம். வாகனத்தில் செல்லும்போது குழந்தைக்குத் தண்ணீர் கொடுப்பதை எவரும் குறை சொல்லமாட்டார்கள். அலுவலக நேரம் குறையும். கடைத்தெரு இரவில்தான் விழிக்கும். அண்டை வீட்டார் நோன்பு திறக்கும் வேளையில் தட்டு நிறையப் பண்டங்கள் அனுப்பினால் தட்டை வெறுமையாகத் திருப்பாதீர்கள். வீட்டில் செய்த பலகாரம் எதுவானாலும் வைத்துக் கொடுக்கலாம்.

பெருநாளுக்கு முந்தைய நாட்களில், வாய்ப்புக் கிடைத்தால், உள்நாட்டு ஊர்களில் கூடும் ஹப்தா சந்தைக்குப் போய்வாருங்கள். ஆடு, மாடு, துணி, நெய், பொம்மை என்று எல்லாம் வரும். பெருநாள் உணவான ஷுவா செய்வதற்கு மசாலா தடவிய இறைச்சியை இலையில் சுற்றி, ஓலைப்பையில் கட்டி, ஊர்ப்பொதுக் குழியின் தணலில் ஒன்றிரண்டு நாள் புதைத்து வைப்பார்கள். ஒரே குழியில் பல வீட்டுப் பைகள் இருக்கும் என்பதால், ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் பைக்கு ஓர் அடையாளம் கட்டிவிடுவது வழக்கம்.

நோன்பின் நடுப்பகுதியில், பதினான்காம் நாள் கழிந்த இரவில், தெருக்குழந்தைகள் பாடிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். கரன்கஷூ என்று பெயர். உங்கள் வீட்டுக் கதவையும் தட்டுவார்கள். மிட்டாயும் சில்லறைக் காசும் தயாராக இருக்கட்டும். உங்கள் குழந்தைகளையும் அவர்களோடு தாராளமாக அனுப்பலாம்.